பதினொரு செக்கன்

கொக்குவிலில், ரயில் கடவைக்குப் பக்கத்து மேல்மாடி அறை.
ஃபேன் சுற்றும், காத்து வராது.
இரவுப் பணி இந்தக் கிழமை என் முறை.
ஊரில் யார் எதன்மேல் விரல் வைப்பார் என்று
முன்கூட்டிச் சொல்லும் ஒரு மொடலை
நான் காவல் காக்கிறேன்.

காட்டினோம், தொட்டார்: ஒன்று.
காட்டினோம், தொடவில்லை: பூச்சியம்.
அதற்குத் தெரிந்த அரிச்சுவடி இவ்வளவுதான்.
கோடிக்கணக்கில் பூச்சியம்,
அரிசியில் கல் கிடப்பதுபோல
எங்கோ ஒரு ஒன்று.

பிழை தேடப் போய் ஒரு நிரையில் தடக்குப்பட்டேன்.
பெயர் இல்லை, பதினாறு இலக்கம்.
பழைய ஃபோன். குருநகர்க் கோபுரம்.
விடியப்புறம் மூன்று ஐம்பது.
நாள் தவறாமல் அதே விளம்பரம்:
போட் எஞ்சின், பதினைந்து குதிரைவலு.
நாள் தவறாமல் பதினொரு செக்கன் நின்று
பிறகு தள்ளிவிடுகிறார்.
அறுபத்து மூன்று நாள்.
அறுபத்து மூன்று பூச்சியம்.

மொடல் முடிவெடுத்துவிட்டது,
இவருக்கு எஞ்சினில் ஆசையில்லை என்று.
0.0007.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
கஸ்தூரியார் வீதியில்
நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற எவருக்கும் தெரியும்,
விலை கேட்காமல் நகர்கிறவர்
வேண்டாமென்று நகர்கிறவர் இல்லை.

ஒரு நிரல் சேர்த்தேன்: நின்ற நேரம்.
லோஜிதன் கேட்டான், "உது தேவையோ?"
"பாத்திட்டுப் பேந்து சொல்லு."

இரண்டு கிழமைச் சோதனை,
பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது.
வருமானம் ஆயிரத்துக்கு மூன்று கூடியது.
கொழும்பிலிருந்து இந்துனில்
கைதட்டும் மஞ்சள் கைகள் நாலு அனுப்பினான்.
நான் எல்லாருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகொரு நாள் அந்த நிரையைத் தேடிப் போனேன்.
போயிருக்கத் தேவையில்லை.
எஞ்சின் அங்கே இல்லை.
நின்று பார்ப்பவர், வாங்காதவர்:
இரண்டையும் மொடல் கூட்டியிருக்கிறது.
கூட்டினால் என்ன வருமென்று
வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு எப்போதோ தெரியும்.
கண்ணிமைக்கு முன் முடிகிற ஏலத்தில்
ஒரு லீசிங் கம்பனி எல்லாருக்கும் மேலே கேட்டிருக்கிறது.
பிணை வேண்டாம். ஒரே நாளில் காசு.
அடையாள அட்டை போதும்.

மூன்று ஐம்பத்திரண்டு.
இந்தமுறை பதினொரு செக்கன் தேவைப்படவில்லை.
இரண்டாவதிலேயே தொட்டிருக்கிறார்.
அந்த நிரையின் முதல் ஒன்று.

நிரலை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன்.
"காரணம்" என்று ஒரு பெட்டி,
எண் மட்டும் ஏற்கும்.
கனநேரம் அதில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

விடிய, பாசையூர்ச் சந்தைக்குப் போனேன்.
மீன் வாங்க அல்ல.
ஈரச் சீமெந்தில் பாரைக்கு ஏலம்.
கூறுகிறவர் ஆளின் முகத்தைப் பார்க்கிறார்,
பார்த்துத்தான் விலையை ஏற்றுகிறார்.
அவரையும் நான் நல்லவரென்று சொல்லவரவில்லை.

கரையில் ஒரு போட்டில் புது எஞ்சின்,
பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை.
அவருடையதாக இருக்கலாம்.
கேட்பதற்கு என்னிடம் பதினாறு இலக்கம்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஃபோனைத் திறந்தேன்.
போட் எஞ்சின். பதினைந்து குதிரைவலு.
ஒரு செக்கன்கூடக் கொடுக்காமல்
தள்ளிவிட்டேன்.