குடையின் மறுபாதி

பதினான்காம் பக்கம் என்னிடம்.
பதினாறு ஈப்போவில், ஒரு பல் மருத்துவர் வீட்டுக் கூடத்தில்.
பன்னிரண்டு எங்கே போனதென்று
வரைந்தவருக்கே நினைவில்லை.
ஒரு கதையைத் தாள் தாளாகப் பிரித்து விற்றார்கள்.
வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.
எழுநூற்று ஐம்பது வெள்ளி, இரண்டு தவணை.

சூலியா தெருவில் மீராசா கடை.
கைகளைத் துடைத்துக்கொண்டு
படத்தைத் தொடாமலே பார்த்தார்.
"மேல்பாதி சும்மாதானே கெடக்கு?
மேகம்கூட இல்ல, வெறும் நீலத் தண்ணி.
மறைச்சிட்டா சட்டம் சிறுசாகும்,
அறுபது வெள்ளி மிச்சம்."

சும்மா இல்லை என்றேன்.
அச்சான புத்தகத்தில் அங்கே நாலு வரி இருந்தது.
'அன்று அவள் தனியாகக் கடல் தாண்டினாள்'
என்று தொடங்கும்.
ஓரத்தில் பாருங்கள், பென்சிலில்:
எழுத்துக்கு இடம்.
சொல் வந்து உட்காருமென்று
துடைத்துப் போட்ட நாற்காலி அது.

"சரி, வெட்டல" என்றார்.
இந்த ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி தாளைத் தொடக்கூடாதாம்,
ஒட்டினால் ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி.
அமிலமில்லாத அட்டை திங்கட்கிழமைதான் வரும்.
வீட்டுக்கும் போகாமல் கடையிலும் விடாமல்
படம் என்னோடு வேலைக்கு வந்தது.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்ச இழுங்க. பிடிங்க. விடுங்க.
என்ன தெரியுது என்று கேட்பார்கள்.
டாக்டர் சொல்வார் என்பேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

எல்லாம் கணினிக்குப் போன பிறகு
மூன்றாம் அறைச் சுவரில் மட்டும்
யாரும் கழற்றாத ஒளிப்பெட்டி ஒன்று.
இரவுப்பணி, மணி இரண்டரை.
ஏன் செய்தேன் என்றால், கைப்பழக்கம்.
படத்தை அதில் வைத்து விசையைத் தட்டினேன்.

ஃபெர்ரியின் கம்பி. பட்டர்வொர்த் பக்கம் சாம்பல்.
மழை.
சிவப்புக் குடையோடு அந்தச் சிறுமி.
குடை அவளுக்கு நேராக இருக்காது,
இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.
வலத்தோள் முழுக்க நனைந்திருக்கும்.
காற்று என்றுதான் நினைத்திருந்தேன்.
காற்றென்றால் பாவாடை ஏன் அசையவில்லை
என்று கேட்கத் தோன்றியதில்லை.

இடப்பக்கம் அலையின் பளபளப்பு,
கொஞ்சம் தடிப்பாகப் பூசிய வெள்ளை.
பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததும்
அந்த வெள்ளைதான் கறுத்தது.
கறுப்புக்கு ஒரு காது இருந்தது.
தோளில் பை.
கம்பியில் ஏறி நிற்கும் ஒரு முழங்கால்.
அவளைவிட அரைத்தலை குட்டை.

விசையை அணைத்தேன்.
மறுபடி அலை.

வரைந்தவர் பெயர் தான் பீ லெங்.
பாலேக் பூலாவில் இருக்கிறார், எண் ரசீதில் இருந்தது.
கேட்டு எழுதியதை மூன்று முறை அழித்தேன்.
கடைசியில் அனுப்பியது ஒரே வரி:
குடை ஏன் சாய்ந்திருக்கிறது?
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள், சோற்றுக்கு நடுவில் கைப்பேசி அதிர்ந்தது.

காற்று.

நன்றி என்று அனுப்பினேன்.
வேறென்ன அனுப்புவது?

திங்கட்கிழமை மீராசா
வெள்ளைப் பூச்சில் ஒரு கீறலைக் காட்டினார்.
"லேசா உரியுது, தொட்டு விடவா?"
வேண்டாம்.
"உள்ளட்டை நாலு பக்கமும் ரெண்டு அங்குலம்?"
இடப்பக்கம் மட்டும் அரை அங்குலம் கூட.
"நடுவுல இருக்காதும்மா. கோணலாத் தெரியும்."
தெரியட்டும்.
முணுமுணுத்தபடி கத்தியை எடுத்தார்.
அந்த அரை அங்குலத்துக்குக் காசு வாங்கவில்லை.

வெயில் படாத சுவர் என்று பார்த்தால்
வீட்டில் ஒன்றே ஒன்று,
குளிர்பெட்டிக்கும் மீட்டர் பெட்டிக்கும் இடையில்.
அங்கேதான் தொங்குகிறது.
தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.
படம் நடுவில் இல்லையே என்கிறார்கள்.

காற்று என்கிறேன்.