துரு வாங்கியவள்

"தங்கம் வாங்கிப் போடு" என்றார் புவனேசன்.
துரு வாங்கினேன்.

இருபத்தாறு வருடம் பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கிக்குக் கீழே
கடுகளவு ஈயம் வைத்தவளுக்கு
ஆலையை மூடும்போது கொடுத்த காசோலை.
அதில் ஒரு பகுதி போயிற்று,
ஜெலுத்தோங்கில் ஒரு கோழிக்கொட்டகைக்குள்
சக்கரமில்லாமல் செங்கல்மேல் உட்கார்ந்திருந்த
ஐம்பத்தொன்பதாம் வருட மோரிஸ் மைனருக்கு.
பின்சீட்டில் மூன்று முட்டைகள்.
விற்றவர் முட்டையை எடுத்துக்கொண்டு
சாவியைக் கொடுத்தார்.
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.

அடித்தகடு
விரல் வைத்தால் அப்பளம்.
ஓட்டை வழியே கீழே
ஊய் சூனின் செருப்பு தெரிந்தது.
ஆறு மாதம் என்றான்.
இரண்டு தீபாவளி போயிற்று,
நடுவில் அவனுக்கு ஒரு மகள் பிறந்து
தவழ்ந்து
கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்தாள்.

வயரிங் மட்டும் நான் செய்வேன் என்றேன்.
எலி தின்றது போக மிச்சமிருந்தன
துணி சுற்றிய கம்பிகள்.
இந்த வண்டிக்கு உடம்பெல்லாம் பிளஸ்.
கற்ற மின்சாரம் முழுக்கத் தலைகீழ்.
முதல் நாள் ஒரு ஃபியூஸ்,
மறுநாள் இரண்டு,
மூன்றாம் நாள் புவனேசன் வாசலில் நின்று
"இதை அடகுக்கடையில எடுப்பானா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
வாயில் டார்ச்.

கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடந்தது
கைகாட்டி.
திரும்பப் போகிறோம் என்றால்
விளக்கோடு வெளியே எழ வேண்டியது.
இடது எழுந்தது.
வலதின் சுருளைப் பிரித்து
முடியிழைக் கம்பியை நானே சுற்றினேன்.
இருநூற்றுப் பதினேழில்
தங்கை போன் செய்தாள்.
மறுபடி ஒன்று.

எழுந்தது.
பாதி.
யோசித்துவிட்டு
மீதியும்.

புஸ்பாகோமில் என்சிக் ரோஸ்லான்
சிக்னல் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினார்.
போட்டுக் காட்டினேன்.
மறுபடி என்றார்.
பக்கத்து வரிசைக்காரரைக் கூப்பிட்டு,
மறுபடி.
நாலாவது தடவை நடந்தது சோதனையே இல்லை
என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.
அப்புறம் முகத்தை மாற்றிக்கொண்டு
பிரேக் ஒருபக்கம் இழுக்கிறது என்று
திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை, தூன் சார்டோன் சாலை,
பாலிக் புலாவ் போகும் மேடு.
புவனேசன் கைப்பிடியை விடவேயில்லை.
சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள்,
கையசைத்துவிட்டு.
சூடு காட்ட முள் கிடையாது இதில்;
எதிரே வெள்ளையாக எழுந்தால்தான் தெரியும்.
எழுந்தது.

பழக்கடை ஓரமாக உருட்டி நிறுத்தினோம்.
கடைக்கார அம்மா வாளியோடு வந்தார்.
மூடியைத் தொடப்போன என் கையைத் தட்டிவிட்டு
"முதல்ல சாப்பிடு, அது ஆறட்டும்" என்று மலாயில் சொல்லி
ஒரு கொத்து ரம்புத்தானை புவனேசன் மடியில் போட்டார்.
எந்த வருஷ வண்டி?
ஐம்பத்தொன்பது.
"நானும்தான்."
பானட்டை இரண்டு தட்டு தட்டினார்,
மாட்டைத் தட்டுவதுபோல.
"உனக்காவது ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குது.
என் முட்டிக்கு
ஆஸ்பத்திரியில அடுத்த வருஷம் வரச்சொல்றான்."

புவனேசன் சிரித்தார்.
இந்த வண்டி சம்பந்தமாக
இரண்டு வருடத்தில் முதல் தடவை.
தண்ணீர் ஒன்றரை வாளி குடித்தது.
காசு வாங்க மறுத்தவர்
ரம்புத்தானுக்கு மட்டும் ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டார்.

இறக்கத்தில் இன்ஜின் பாட்டுக்கு முணுமுணுத்தது.
அடிவாரத்தில் இடது திரும்பவேண்டும்.
கைகாட்டியைப் போட்டேன். எழுந்து நின்றது,
ஆரஞ்சு வில்லை மாதிரி.
பின்னால் லோரிக்காரனுக்குப் புரியவில்லை.
ஹாரன்.
இன்னொரு ஹாரன்.

புவனேசன் கண்ணாடியை இறக்கினார்.
முழங்கை வரை வெளியே விட்டு
கையை நீட்டினார், நேராக.
லோரி வேகம் குறைந்தது.

திரும்பி முடித்தும்
கையை உள்ளே இழுக்கவில்லை.
விரல்களுக்கிடையே இன்னும்
ரம்புத்தான் தோல்.