மான்குர்த், எட்டுப் பன்னிரண்டு

சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில்
பாஸ்டர் சொன்னார்,
ரூபேன் இந்நேரம் பொன் வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று.
ஆமென் என்றார்கள்.
நானும் சொன்னேன், வாய்ப்பழக்கம்.

ரூபேன் ஓட ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.
சாரத்திலிருந்து விழுந்தவன்.
பதினாறு வருஷம் சக்கரப் பலகையில் வந்து
எங்கள் ஊனமுற்றோர் பெட்டியில் ஏறினான்,
யாராவது தூக்கிவிட.
அவன் கேட்டதெல்லாம் ஜன்னலோரம்.
சிவ்ரி சேற்றில் பூநாரைகள் வந்திருக்கிறதாம்,
மொபைலில் படம் காட்டிச் சிரித்தான்:
"அது ஒத்தைக் கால்ல நின்னா
போட்டோ எடுக்க வர்றாங்க, எப்சி.
நீ நின்னா சில்லறை தர்றாங்க."

எனக்கு ஒன்பது வயதிருக்கும்.
சீத்தா கேம்ப் மைதானத்தில்
மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம்.
ஊழியக்காரர் குனிந்து
என் காலிப்பரின் வார்களைத் தானே அவிழ்த்தார்.
நட மகளே என்றார்.
நான்கு எட்டு வைத்தேன்.
ஐந்தாவதற்குள் டிரம்ஸ் அடித்துவிட்டார்கள்,
நான் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

அம்மா இடுப்பில் சுமந்து வந்தாள்.
மறுநாள் உச்சிவெயிலில் தனியாகப் போய்
மேடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த
ஊன்றுகோல்களுக்குள் கையை விட்டுத் துழாவி
என்னுடையதை எடுத்து வந்தாள்,
மராத்தி நாளிதழில் சுற்றி.
இன்னும் எத்தனை கிடந்தது என்று கேட்டேன்.
பேசாமல் வாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.
இதை அவள் எந்தச் சபையிலும்
சாட்சியாகச் சொன்னதில்லை.

பொய் சொல்லக் கூடாது.
ஆடி மழை ராத்திரிகளில்
முழங்காலுக்குள் யாரோ இரும்பை அறுக்கிறார்கள்.
புதுக் கால் ஒன்று நீட்டினால்
வேண்டாமென்பேனா?
இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.
வலியைக் கழற்றிக்கொள்ளும் கர்த்தாவே, தாராளமாய்.
கூடவே என்னென்ன கழன்று போகும்,
அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பெட்டியில் மெர்லின் இருக்கிறாள், காது கேளாதவள்.
குர்லாவில் இறங்கி
இரண்டு பிளாட்பாரம் தள்ளி நிற்கும் புருஷனோடு
கையால் சண்டை போடுவாள்.
எத்தனை ரயில் அலறினாலும்
ஒரு வசவு சிந்தாது.
மகிமையின் சரீரத்தில் அவளுக்குக் காது திறக்குமாம்.
திறக்கட்டும்.
பாதியில் நிற்கும் அந்தச் சண்டையை
எந்த மொழியில் முடிப்பாள்?

உமக்கும் உடம்பு புதிதுதானே, அந்த மூன்றாம் நாள்.
பூட்டிய கதவு உம்மைத் தடுக்கவில்லை.
கூடப் போனவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.
ஆனால் உள்ளங்கையில் ஆணி போன வழி அப்படியே.
விலாவும் மூடவில்லை,
ஒருத்தன் கையை விடும் அளவுக்கு.
மறந்துவிட்டீரா?
இல்லை, எங்கம்மா போல
யாருக்கும் சொல்லாமல் திரும்பிப் போய்க்
குவியலில் துழாவி
உம்முடையதை நீரே எடுத்து வந்தீரா?

திங்கட்கிழமை.
மான்குர்த்தில் எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில்
கம்பத்தில் ஒரு சின்னக் கருவி
பீப் பீப் என்று கூவிக்கொண்டிருக்கும்,
பார்வையில்லாதவர்களுக்காக.
பார்வை உள்ளவர்களும் அதைக் கேட்டுத்தான் கூடுவோம்.

டாடா ஆஸ்பத்திரிக்குப் போகும் பையன்,
தலையில் ஒரு முடி இல்லை,
ரூபேனின் ஜன்னலைக் காட்டி
உட்காரலாமா என்று கண்ணால் கேட்டான்.
காலிப்பரை இழுத்து வழி விட்டேன்.

நான் அங்கே போய் இறங்கும் நாளில்
பொன் வீதி எந்தப் பக்கம் என்று விசாரிக்க மாட்டேன்.
கொஞ்ச நேரம் அசையாமல் நின்று கேட்பேன்,
எங்காவது அந்த பீப் சத்தம்
வருகிறதா என்று.