இரண்டு உருண்டைக் கொத்து

அண்டி ஆபீஸில் போனஸ் இருபத்திரண்டாம் தேதி என்றார்கள்.
இருபத்திரண்டாம் தேதி வந்ததும் இருபத்தேழு என்றார்கள்.
இயேசு பிறந்து இரண்டு நாள் கழிந்து
எனக்கு போனஸ்.

காலண்டர் தாளின் பின்பக்கம்
பேனா நின்று நின்று எழுதுகிறது:
சிறுபயறு ஒன்றரைக் கிலோ.
சர்க்கரை, கறுத்தது போதும்.
எண்ணெய். அடித்துவிட்டு, மறுபடியும் எண்ணெய்.
ஜெபினுக்குச் சட்டை.
அபிஷாவின் போன வருஷத்துப் பாவாடை,
மடிப்பைப் பிரித்தால் மூன்று விரல் நீளும்.
கோயில் வரி பாக்கி.
சுலோசனாவின் தட்டு.

தீபாவளிக்கு அதிரசத்தோடு வந்தது அந்தத் தட்டு.
அலமாரி மேலிருந்து
அன்று முதல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
அது வெறுமனே திரும்பிப் போகாது.

மழை. டிசம்பர் பாதி கழிந்தும் மழை.
ரப்பர் மரத்துச் சிரட்டையில்
பாலுக்குப் பதில் வானம்.
வில்பிரட் கத்தியைத் தீட்டித் தீட்டி உறையில் போடுகிறார்.
மரம் நனைந்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை.
ஆனாலும் சாயங்காலமானால்
"ஒரு சோலி இருக்கு" என்று இறங்கிப் போகிறார்.
காலையில் அரிசிப் பானைக்கு அடியில் நூறு ரூபாய்.
நான் கேட்கவில்லை.
கேட்டால் குறையும் பணம் அது.

கருங்கல் சந்தையில் ஸ்டார் நூற்றியெண்பது.
வாங்கவில்லை.
பழைய ஸ்டாரின் இரண்டு கால்களை எலி தின்றிருந்தது.
ஈர்க்கில் வளைத்துக் கட்டி
தேயிலைப் பொதியின் வெள்ளித்தாளை ஒட்டினான் ஜெபின்.
மூன்று கால் சிவப்பு, இரண்டு கால் வெள்ளி.
பல்பு எரிந்தபோது
அந்த இரண்டில் வெளிச்சம் புகவில்லை.
ரோட்டிலிருந்து பார்த்தால்
நட்சத்திரம் நொண்டுகிறது.

இருபத்துமூன்றாம் தேதி ராத்திரி கேரல் வந்தது.
டிரம்மும் ஜெனரேட்டரும் பெட்டி ஆட்டோவில் குடிலுமாக.
மேல்வீட்டில் ஸ்டார் பட்டென்று அணைந்தது.
அவர்களுக்கும் இந்த மாதம் அப்படித்தான்.
என் கையும் சுவிட்சுக்குப் போனது,
அதற்குள் அபிஷா வாசலில் போய் நின்றுவிட்டாள்.

பாப்பா ஆடினார்.
சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வயிற்றில் தலையணை.
எல்லார் முற்றத்திலும் ஆடுவது மாதிரிதான் ஆடினார்.
அலக்குகல்லுக்குப் பக்கத்தில்
பாசி பிடித்து வழுக்கும் இடத்தை மட்டும்
பார்க்காமலே தாண்டினார்.

அப்புறம்தான் குதிகாலைப் பார்த்தேன்.
வெடிப்புக்குள்
எத்தனை கழுவினாலும் போகாத ஒட்டுப்பால் கறுப்பு.

ஜெபினுக்கு ஒரு மிட்டாய். அபிஷாவுக்கு ஒன்று.
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று.
சொந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கூடுதல் இல்லை.
எனக்குக் கோபம் வந்தது.
கூடவே வேறொன்றும் வந்தது.

காணிக்கை டப்பா நீண்டது.
காலையில் கிடைத்த நூறில் மிச்சம் இருபது.
அதை அவர் பார்க்கவே போட்டேன்.
முகமூடி சிரித்துக்கொண்டே நின்றது,
அதற்கு வேறு முகம் தெரியாது.

மணி ஒன்று. பயறு வறுத்து இடித்தாயிற்று.
பகல் முழுக்க முந்திரி உடைக்கும் விரல்,
ஓட்டெண்ணெய் தின்ற விரல்,
ராத்திரி முந்திரிக்கொத்து பிடிக்கிறது.
முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது,
பணக்கார வீட்டிலும் கிடையாது.
அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.
மூன்று உருண்டை ஒட்டினால் ஒரு கொத்து.
இந்த வருஷம் இரண்டிரண்டாக மாவில் முக்குகிறேன்.
சுலோசனாவின் தட்டுக்கு மட்டும் மூன்று.

வெளியே கால் கழுவும் சத்தம்.
உள்ளே வந்தவரின் காதோரம் பஞ்சு ஒரு திரி.
"கேரல் வந்துதா?"
"வந்துது."
"பாப்பா ஆட்டம் எப்பிடி?"
"கொள்ளாம். கொஞ்சம் மூச்சு வாங்குது."
அவர் சட்டியருகே குந்தினார்.
எண்ணெயில் இரண்டு கொத்து புரண்டன.
"நாளைக்கு எத்தன வீடு?" என்றேன்.
"முப்பது" என்றார்,
சூடான கொத்தைப் பிய்த்தபடி.
பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.