துத்தநாகம்

அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள்.
வண்ணாரப்பாளையம் முடிந்து
புதுப்பாளையம் இரண்டாவது தெரு.
மீட்டர் பெட்டியெல்லாம் மேற்குச் சுவரில்.
யார் வைத்தார்களோ,
கணக்கெடுக்க வருகிறவளுக்கும் தோல் உண்டென்று
நினைக்காத யாரோ.

முதலில் முழங்கைக்குக் கீழே கடுகு கடுகாய்.
பிறகு கழுத்தில், பின்னலுக்கு அடியில்.
பிறகு பாதத்தில்,
செருப்பு வார் விட்ட இடத்தில் மட்டும்.
வேர்க்குரு என்றார்கள் ஆபீஸில்.
கத்திரிக்காயை நிறுத்து என்றாள் மாமியார்.
நிறுத்தினேன்.
கத்திரிக்காய் என்ன செய்யும், பாவம்.

டாக்டர் ஹபீபா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
உள்பக்கம் சமாதானம், வெளிப்பக்கம் கலவரம்.
"வெயில் ஒத்துக்கலை உனக்கு."
கடலூரில் இருந்துகொண்டு!
சீட்டில் எழுதினார்:
துத்தநாகம் சேர்ந்தது, வாசனை இல்லாதது,
முகத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும், தினமும்.

எங்கள் மொட்டைமாடித் தகரத்தில் பூசியிருப்பதும்
துத்தநாகம்தான்.
துருப்பிடிக்காமல் இருக்க.

பிலவேந்திரன் மெடிக்கல்ஸில்
சீட்டைப் படிக்காமலே
ரோஸ் கலர் ட்யூபை எடுத்து வைத்தார்.
"பதினஞ்சு நாள்ல ரெண்டு ஷேடு குறையும்மா."
குறைய வேண்டாம் அண்ணே,
அரிக்காமல் இருந்தால் போதும்.
கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று
கடைக்கு வந்து சொல்லும் பெண்ணுக்கு
எந்த அலமாரியில் மருந்து என்று
அவருக்குத் தெரியவில்லை.

முதல் ட்யூப் சுண்ணாம்பு.
தேய்க்கத் தேய்க்க முடியோடு சுருண்டு
ரப்பர் துகளாய் உதிர்ந்தது.
"மாவு மில்லுலயா வேலை?" பஸ்ஸில் ஒரு அம்மா.
நெற்றியிலும் இரு கையிலும்
பட்டை பட்டையாய் விபூதியோடு தில்லைநாயகம் சார்
"என்னம்மா இது வேஷம்" என்றார்.

இரண்டாவது நிறம் கலந்தது.
கோதுமை என்று போட்டிருந்தது.
நான் கேழ்வரகு.
நீலச் சுடிதாரின் கழுத்துப்பட்டி
இன்றைக்கும் ஆரஞ்சு.

மூன்றாவது, எண்ணெய்.
பதினோரு மணிக்கு வியர்வையோடு கண்ணில் இறங்கி
மூன்றை எட்டாகக் காட்டியது.
4386-ஐ 4886 என்று ஏற்றிவிட்டேன்.
ஐந்நூறு யூனிட்.
அந்த வீட்டுக்காரர் கை ஓங்கவில்லை,
அவ்வளவுதான்.

நாலாவது குழந்தைகளுக்கானதாம்.
புட்டிக்குள் ஒரு குண்டு, குலுக்கினால் கடகட.
தூக்கத்தில் அவர் "பஸ் வந்துடுச்சா?" என்கிறார்.
மோர் மாதிரித் தண்ணியாய் வருகிறது.
குளித்த ஈரம் போவதற்குள் மெல்லிசாய் ஒரு தடவை.
பிறகு ஃபேனுக்கு அடியில்
இரண்டு கையையும் விரித்தபடி நிற்க வேண்டும்,
கெடிலத்துக் கல்லில்
இறகு காயவைக்கும் நீர்க்காகம் போல.
பிறகு இன்னொரு தடவை.

சாம்பல் தெரிகிறதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.
கறுப்புத் திராட்சை மேல் ஒரு புகை படிந்திருக்குமே,
துடைத்தால் போகும்,
துடைக்காவிட்டாலும் திராட்சைதான்.
ஒட்டவில்லை. உருளவில்லை. கண்ணுக்கு வரவில்லை.
கை இருப்பதே மறந்துபோய்
நாற்பது வீடு முடித்தேன்.

நூறு மில்லி, நானூற்று எண்பது ரூபாய்.
இரண்டு கை, கழுத்து, பாதம் என்றால்
பதினோரு நாள்.
முதுகு ரவிக்கையின் பொறுப்பு.

சாயங்காலம் சோப்பு இரண்டு முறை.
அரிசி களைந்த தண்ணீர் போல ஓடி
ஜாலிக்குள் இறங்குகிறது பகல்.
அடியில்
காலையில் வைத்துவிட்டுப் போன அதே கை.
முந்தைய ரீடிங், இன்றைய ரீடிங்,
வித்தியாசம் பூஜ்யம்.
பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத்தான் இப்படி வரும்.
எனக்கு, நாளெல்லாம் தெருவில் இருந்துவிட்டு.

தலை துவட்டும்போதுதான் எரிகிறது
காது.
இரண்டும்.

சரி, காதையும் சேர்த்தால்
பத்து நாள்.