பதினான்காம் கதவு

அப்புத்தளைக்கு மேலே, மொட்டப்பாறைத் தோட்டம்.
மருந்துக் காம்பராவின் கதவில்
பித்தளையில் பதினான்கு என்று இருக்கிறது.
ஒன்று முதல் பதின்மூன்று வரை
இங்கே எங்கும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டோர் ஆபீசில் நான் கொழுந்துக் கணக்கு எழுதுகிறவள்.
கரையான் மிச்சம் வைத்த கட்டுக்குள் ஒரு ரசீது:
அமராந்தா கப்பலின் கழிவுச் சாமான், கொழும்பு ஏலம்,
நாற்பத்திரண்டு ஜூன்.
தேக்குக் கதவு ஆறு. கைகழுவும் பீங்கான் இரண்டு.
மணி ஒன்று, முப்பத்தெட்டு ரூபாய்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே
பதினெட்டு வருஷம் ஆள் சுமந்தவள் அவள்.
மேல்தட்டில் காம்பராக்கள், வெள்ளை விரிப்பு, ஒரு பியானோ.
கீழே நிலக்கரி வெக்கையில் நாங்கள்,
கழுத்தில் நம்பர் அடித்த தகரத் துண்டு.
மணி மூன்று அடித்தால் கீழ்த்தட்டுக்குச் சோறு.
(நாங்கள் என்கிறேன். நான் பிறந்தது எழுபத்தெட்டில்.)

சண்டை வந்ததும் அவளை மொட்டையடித்தார்கள்.
புகைபோக்கியைப் பிடுங்கி ஓரத்தில் நட்டார்கள்.
காம்பராக்களைச் சீவித் தள்ளிவிட்டு
முனையிலிருந்து முனைவரை பலகை பரப்பினார்கள்.
கடலில் ஒரு குட்டித் தெரு.
மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள்
வானத்திலிருந்து வந்து அதில் இறங்கப் பழகினார்கள்.
விமானத்தின் வாலில் கொக்கி,
தட்டின் குறுக்கே கம்பிவடம்.
மாட்டினால் பாஸ். மாட்டாவிட்டால் தண்ணீர்.
அவளிடம் பீரங்கி இல்லை.
ஒரு விமானம்கூட அவள்மேல் இராத்தங்கியதில்லை.
எஞ்சினும் கிழடு. எதிர்காற்று விழுந்த நாளில்
பாடம் கிடையாது,
குட்டையில் படுத்த எருமையாய்ச் சும்மா கிடப்பாள்.

மணி இங்கே பெரட்டுக் களத்தில் ஏறியது.
பெயரை எழுத்துக்கூட்டிய கங்காணி
அமராத்தா என்றாராம்.
ஆத்தா என்று காதில் விழுந்ததும்
யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். இன்னும் சிவப்பு இருக்கிறது.
விடியுமுன் அவள் கூப்பிட்டால்
பனியில் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாய் இருமும்.

ஆட்பதிவில் ஒரு வரி:
இருளாயி, மேக்கணக்கு, வந்தது இருபத்தொன்பது, கப்பல் அமராந்தா.
அதே கையெழுத்தில், பதினாலு வருஷம் தள்ளி:
மருந்துக் காம்பராவில் ஆண் பிள்ளை, எடை ஐந்து ராத்தல்.
ஒரு இரவு முழுக்கத் தலைக்கு மேலே இருந்த கதவு.
உள்ளே போக
இவ்வளவு மலை ஏற வேண்டியிருந்தது.

நாற்பத்து நாலு, மார்ச்.
தோள் எலும்பு முறிந்து
தியத்தலாவை ஆஸ்பத்திரியில் கிடந்த பெவன் என்ற பையன்
துரை பங்களாவுக்குத் தேநீர் குடிக்க வந்தான்.
அமராந்தாவின் முதுகில் ஏழு தடவை இறங்கியவன்.
எட்டாவது தடவை கடலில்.
களத்தின் பக்கம் நடந்தபோது
மணியில் பெயரைப் பார்த்திருக்கிறான்.
அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை.
அவன் ஏறுவதற்கு முன்பே
அவள் நாக்கை இங்கே விற்றுவிட்டார்களே.
நல்ல கையால் கயிற்றைப் பிடித்து
மூன்று தடவை இழுத்தான்.

பகல் இரண்டரை.
பொழுது சாய்ந்துவிட்டதென்று
அரைக்கூடையோடு மலை முழுக்க இறங்கி வந்தது.

துரை கம்பனிக்கு எழுதிய கடிதத்தில்
இது 'இளமையின் உற்சாகம்'.
எலும்பு, ஏழு தடவை, கடல் எல்லாம் அதில்தான் இருக்கிறது.
செக்ரோலில் வேறு விதமாக:
மணி தவறு. இருநூற்றுப் பதினாலு பேருக்கு அரைப்பேர்.

சண்டை முடிந்ததும் அவளை உடைத்து
எடைக்குப் போட்டார்கள்.
எங்களுக்கு இப்போது சங்கு ஊதுகிறது, கரண்ட் இருந்தால்.

அன்றைக்குக் கங்காணி எழுதிக் கொடுத்த அறிக்கையும் கட்டில் இருந்தது.
கடைசி வரியில் மை ஊறியிருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம்:
மற்றவர்கள் கலைந்த பிறகு
மேக்கணக்குப் பொம்பளை ஒருத்தி
தட்டோடு வந்து மணிக்குக் கீழே நின்றாள்.
எதற்கென்று கேட்டதற்குப் பதில் இல்லை.