பக்கத்து வீடு

லாபிஸ் ஆலையின் பின்குளத்தில்
எண்ணெய்க் கசடு தின்று வாழும் ஒரு கிருமி.
கொழுப்பறுக்கும் அதன் நொதிக்காக
ஒரு மரபணுவை மட்டும் வெட்டியெடுத்து
ஆய்வுக்கூடக் கிருமிக்குள் வைத்தேன்,
ஒட்டினாற்போல் இருந்த இன்னொன்றை
வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்துவிட்டு.

எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.
நொதி உண்டானது, ஏராளமாய்.
குழாயடியில் வெள்ளை வண்டலாய்க் கிடந்தது
ஈரத்தோடு சுருட்டி எறிந்த வேட்டி மாதிரி.
எதையும் அறுக்கவில்லை.

மூன்று மாதம்.
சூட்டைக் குறைத்தேன், உப்பை மாற்றினேன்.
தவனேசன் ரிங்கிட் கணக்கை நீட்டினான்.

ஓர் இரவு
செம்பனைக் குலை லாரிகள் எடைமேடையில் உறும,
அடித்த இடத்தின் மேலேயே
மறுபடி எழுதினேன் அந்த இன்னொன்றை.

அதற்குக் கொழுப்பு தெரியாது.
உள்சவ்வில் காலூன்றி நின்று
புதிதாய் வரும் இழையைச் சுற்றிப் பிடிக்கும்,
மடிப்பு நிலைக்கும்வரை.
பிறகு நொதி குளத்துக்குப் போகும்.
அது போகாது.

காலையில், பாலாய்க் கலங்கிய தட்டில்
ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும்
கண்ணாடித் தெளிவு.

அறிக்கைப் படிவத்தில்
நொதிக்கு ஒரு கட்டம் இருந்தது, மற்றதற்கு இல்லை.
குழாயில் ‘பக்கத்து வீடு’ என்று எழுதினேன்.
தமிழ் படிக்காத ருக்கையா என்னவென்று கேட்டாள்.
ஜிரான், என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பேனாவை வாங்கி அதையும் கீழே எழுதி
உறைபெட்டியில்
நொதிக் குழாயை நகர்த்தி
இடம் பண்ணினாள்.